‘வேண்டாம்’ என்று சொல்லப் பழகினால் போதுமா?

அழகு நிலையங்களில் பொருள் வாங்கச் சொல்லி நெருக்குவதைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் பெண்களுக்கு ஒரே அறிவுரைதான் வழங்கப்படுகிறது: உறுதியாக ‘வேண்டாம்’ என்று சொல்லுங்கள். அதற்கும் மசியாவிட்டால் இயர்போனை மாட்டிக்கொள்ளுங்கள், வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது என்று பொய் சொல்லுங்கள். சந்தை உருவாக்கிய ஒரு சிக்கலை வாடிக்கையாளரின் மனத்திடக் குறைவாகத் திரித்துக் காட்டும் அறிவுரை இது.

பெங்களூரு அடுகோடியில் ஓசூர் சாலையை ஒட்டிய ஒரு பார்லரை எண்ணிப் பார்க்கலாம். புருவம் திருத்த வந்தவர் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, இமைத்தோலைத் தம் விரல்களாலேயே இழுத்துப் பிடித்திருக்கிறார். நூல் ஓடிக்கொண்டிருக்கும்போதே கேள்வி வருகிறது: “கண்ணுக்குக் கீழே இவ்வளவு கருப்பா இருக்கே அக்கா, ஒண்ணும் போடறதில்லையா?” இக்கேள்வி எந்தப் பொருளையும் விற்கவில்லை, முதலில் ஒரு குறையை விற்கிறது. குறையை வாங்கிக்கொண்டவர் க்ரீமையும் வாங்குவார். காய்கறிக் கடையில் விலை பிடிக்காவிட்டால் நடந்துவிடலாம். ஒரு புருவம் திருத்தி மறு புருவம் திருத்தாத நிலையில் யார் எழுந்து நடப்பார்?

ஆனால் நூலைப் பிடித்திருப்பவரும் அங்கே சுதந்திரமாக நிற்கவில்லை. குறைந்த மாதச் சம்பளம், அதன்மேல் விற்ற பொருளுக்கேற்ற இன்சென்டிவ், எட்டாவிட்டால் மேலாளரின் ஏச்சு: இத்தொழிலில் பரவலாக உள்ள ஏற்பாடு இதுதான். விமானப் பணிப்பெண்களின் புன்னகை எவ்வாறு நிறுவனத்தின் சரக்காகிறது என்பதை ஆர்லி ஹோக்ஷீல்ட் 1983-இல் எழுதினார். நியூயார்க்கின் கொரியப் பெண்கள் நடத்தும் நகப்பூச்சு நிலையங்களை ஆராய்ந்த மிலியன் காங், 2010-இல் வெளிவந்த தம் நூலில், பிறர் உடலைத் தொட்டுச் செய்யும் வேலையையும் அக்கணக்கில் சேர்த்தார். இங்கே இன்னொரு படி கூடுகிறது. ஒரு மணி நேரம் தலையைத் தொட்டுப் பெற்ற நம்பிக்கையை, அந்த மணி முடிவதற்குள் ஒரு சீரம் புட்டியாக மாற்றித் தரும்படி அப்பெண் பணிக்கப்படுகிறார். மாற்றினால் வாடிக்கையாளர் மறுமுறை வரத் தயங்குவார். மாற்றாவிட்டால் சம்பளம் குறையும். உறுதியாக மறுக்கச் சொல்லும் அறிவுரை, பலவீனமான இருவரை மோதவிட்டுவிட்டு, இலக்கை நிர்ணயித்தவரை அறைக்கு வெளியே பத்திரமாக உட்காரவைக்கிறது.

பயிற்சி பெற்றவர் நல்லதைப் பரிந்துரைப்பது குற்றமா என்று கேட்கலாம். குற்றமில்லை. பொடுகுக்கு எது ஏற்றது என்று அவருக்குத் தெரிந்திருக்கவும் கூடும். ஆனால் பரிந்துரையோடு வருமானம் கட்டப்பட்டுவிட்டால், அது அக்கறையா விற்பனையா என்பதைச் சொல்பவராலேயே பிரித்தறிய இயலாது. மருத்துவர்கள் மருந்து நிறுவனங்களிடம் பரிசு பெறுவதை இந்திய மருத்துவக் கவுன்சில் 2009-இல் விதித் திருத்தத்தின் வழியே தடுத்ததும் இதனால்தான். (தடுத்தது நின்றுவிட்டதா என்பது வேறு கதை.)

சட்டம் இதை அறியாததன்று. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட ‘டார்க் பேட்டர்ன்’ வழிகாட்டு நெறிகள் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டன. ‘கன்ஃபர்ம் ஷேமிங்’ அவற்றுள் ஒன்று: அச்சமோ வெட்கமோ குற்றவுணர்வோ ஊட்டி வாங்கவைப்பது. விமானச் சீட்டோடு காப்பீடு எடுக்காதவரை ‘நான் பாதுகாப்பின்றியே இருப்பேன்’ என்ற பொத்தானை அழுத்தவைப்பது அதற்குத் தரப்பட்ட எடுத்துக்காட்டு. திரும்பத் திரும்ப நச்சரிப்பதும் பட்டியலில் உண்டு. ஆயினும் இந்நெறிகள் இணையத் தளங்களின் திரையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. திரையில் தோன்றும் அவமானத்தைப் படம்பிடித்துப் புகாரோடு இணைக்கலாம். காதருகே சொல்லப்பட்ட ஒரு வாக்கியத்தை எதில் இணைப்பது?

அடுகோடி இதை மறந்திருக்க வேண்டிய ஊரன்று. 1950களில் அங்கே வேரூன்றிய மைக்கோ ஆலையில், இன்றைய பாஷில், ஊதியம் தொழிற்சங்கத்தோடு பேசி ஒப்பந்தமாக எழுதப்பட்டது. ஆலை வளாகம் இன்று தொழில்நுட்ப வளாகம். அதே ஊரின் பார்லர் பெண்ணுக்கு மாத இலக்கை யார் எந்தக் கணக்கில் விதித்தார் என்று கேட்க ஒரு மேசைகூட இல்லை.

கேட்கவேண்டியவை எளியவை. விற்பனை இலக்கை அடிப்படைச் சம்பளத்திலிருந்து அறுக்க வேண்டும். பொருளைப் பற்றிய பேச்சு, வாடிக்கையாளர் நாற்காலியை விட்டு எழுந்த பிறகு, விலைப்பட்டியல் தொங்கும் இடத்தில் மட்டுமே நடக்க வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கும் இதில் பங்குண்டு: நுகர்வோர் நடத்தையை வணிகவியல் துறையும் முறைசாராத் தொழிலாளரைச் சமூகவியல் துறையும் தனித்தனியே ஆய்ந்து பட்டம் வழங்குகின்றன. நாற்காலியில் இருப்பவரையும் அவருக்குப் பின்னே நிற்பவரையும் ஒரே வினாநிரலில் வைக்கும் ஆய்வேட்டுக்கு எந்தத் துறை மேற்பார்வையாளரைத் தரும்?