வீட்டுப் பட்டறை: எஞ்சினை இறக்குதல்

சுன்னாகத்திலிருந்து மாணவர் ஒருவர் எழுதியிருக்கிறார். தம் தந்தையாரின் மொறிஸ் மைனர் கார் நீலப் புகை கக்குகிறதாம். ஒயிலையும் ஓயாது குடிக்கிறதாம். எஞ்சினை இறக்கித்தான் பார்க்கவேண்டும் என்று கராஜிற் சொல்லிவிட்டார்களாம். இறக்கி ஏற்றும் கூலியாவது மிஞ்சட்டும் என்று, வீட்டு வளவில் நிற்கும் மாமரத்திலே செயின் புளொக் ஒன்றைக் கட்டித் தந்தையும் மகனுமாக அவ்வேலையைச் செய்துவிடலாமா என்பது அவருடைய கேள்வி. "செயின் புளொக் ஒரு தொன் தூக்கும், எஞ்சின் அவ்வளவு பாரமில்லையே" என்று காரணமும் காட்டியிருக்கிறார்.

செய்யலாம், தம்பி. ஆனால் மாமரத்தில் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதைச் சொல்வதற்கே இவ்வாரப் பகுதியிற் பெரும்பாகம் செலவாகும்.

அதற்கு முன்னர், எஞ்சினை இறக்கத்தான் வேண்டுமா என்பதை நீரே சோதித்து அறிந்துகொள்ளும். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் அமுக்கமானியை வைத்து எஞ்சினைச் சுழற்றி அளவைக் குறித்துக்கொள்ளும். பின்பு ஒவ்வொன்றினுள்ளும் சிறிது எஞ்சின் ஒயிலை விட்டு மறுபடியும் அளந்து பாரும். அமுக்கம் நன்றாக ஏறினால் பிஸ்ரன் வளையங்களோ சிலிண்டரின் சுவரோ தேய்ந்துவிட்டன என்று கொள்ளலாம். ஏறாவிட்டால் குற்றம் பெரும்பாலும் வால்வுகளைச் சார்ந்தது. வால்வு வேலையென்றால் மேற்றலையை மட்டும் கழற்றினாற் போதும். எஞ்சின் இருந்த இடத்திலேயே இருக்கலாம். நீண்ட நேரம் நின்ற கார் புறப்படும்போது மாத்திரம் ஒருமுறை புகைத்து ஓய்கிறதென்றாலும் வால்வுப் பக்கத்தையே முதலிற் சந்தேகிக்க வேண்டும். இச்சோதனைக்கு அரை நாட் போதும். இதைச் செய்யாமல் எஞ்சினை இறக்குபவர்கள் வீண் செலவைத் தேடிக்கொள்கிறார்கள்.

மொறிஸ் மைனரைப் பற்றி இந்தப் பகுதிக்கு அடிக்கடி கடிதம் வருவதில் வியப்பில்லை. அலெக் இசிகோனிஸ் வகுத்த இக்கார் 1948ஆம் ஆண்டு இலண்டனில் முதன்முதலாகக் காட்சிக்கு வந்தது. 1971இல் உற்பத்தி நிற்கும்வரை 16 இலட்சத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. யாழ்ப்பாணத்தில் இதுவும் ஒஸ்டின் கார்களும் பட்ட பாடு வேறெங்கும் பட்டிரா. 1990களில் பெற்றோல் கிடையாத காலத்தில், காபரேற்றரிற் சிறிது பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பின்பு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல இலகுவில் ஆவியாவதில்லை. எரியாது எஞ்சியது சிலிண்டரின் சுவர்வழியே வழிந்து, அங்கிருக்கும் ஒயிற் படலத்தைக் கழுவி, கீழே தொட்டியிலுள்ள ஒயிலையும் நீர்க்கச் செய்துவிடும். தேய்வு வேறெப்படி வரவேண்டும்? அக்காலத்து மெக்கானிக்குகளைக் கேட்டால், இறக்கி ஏற்றிய எஞ்சின்களைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். மேலே தூக்கி எடுக்கும் வேலைக்கு 'இறக்குதல்' என்று பெயரிட்டவர்களும் அவர்களே.

இனிச் செயின் புளொக்குக்கு வருவோம். கிணற்றுக் கப்பி நமக்குப் பழக்கமானது. அது இழுக்கும் திசையை மாற்றுமேயன்றிப் பாரத்தைக் குறைக்காது. பாரத்தைக் குறைக்கும் பழைய உபாயம் வேறுபாட்டுக் கப்பி. ஒரே அச்சில் ஒட்டிய இரண்டு சக்கரங்கள். ஒன்றில் 10 பற்குழிகள், மற்றதில் 9 என்று வைத்துக்கொள்வோம். முடிவற்ற சங்கிலியொன்று இரண்டிலும் ஓடிக் கீழேயுள்ள தனிக் கப்பியைத் தாங்குகிறது. ஒரு முழுச் சுற்றில் 10 கண்ணிகளை நீர் இழுக்க, பெரிய சக்கரம் 10 கண்ணிகளை மேலே ஏற்றும். சிறியது 9 கண்ணிகளைக் கீழே விடும். சுமையைத் தாங்கும் சங்கிலி ஒரு கண்ணியளவே குறுகுகிறது. அதுவும் இரு புறமும் பங்கிடப்படுவதால் சுமை அரைக் கண்ணியே உயர்கிறது. வேக விகிதம் 20. எஞ்சினை 1 அடி உயர்த்த 20 அடி சங்கிலியை இழுக்கவேண்டும் என்பது இதன் பொருள்.

மைனரின் எஞ்சின் சுமார் 2 அந்தர், அதாவது 100 கிலோகிராமுக்குச் சற்று மேல் இருக்கும். இருபதால் வகுத்தால் 5 கிலோகிராம். உராய்வு பாதிக்கு மேல் விழுங்கிவிடுவதால், ஒரு வாளி தண்ணீரை அள்ளும் சிரமத்திலும் சற்றுக் கூடிய சிரமம் உமக்கு இருக்கும். அந்த உராய்வைக் குற்றமென்று எண்ணவேண்டாம். கையை எடுத்தாலும் சுமை தானாக இறங்காமல் நிற்பது அதனாலேயே. இக்காலத்தில் வாடகைக்குக் கிடைப்பவை பற்சக்கரம் பூட்டியவை. அவற்றில் உராய்வு குறைவாதலால், சுமையை நிறுத்தத் தனியே தட்டுப் பிரேக்கு வைத்திருக்கிறார்கள். நன்றாக ஓடட்டும் என்று அதன்மேல் ஒயிலை ஊற்றிவிடுபவர்கள் உண்டு. அப்படிப்பட்ட புளொக்கை வாங்காமல் திரும்பிவிடுவது நல்லது.

இங்கேதான் அபாயம் ஒளிந்திருக்கிறது. கைக்குப் பாரம் குறைந்ததேயொழிய, மேலே தாங்கும் கொம்புக்கோ கீழே நிற்கும் காலுக்கோ பாரம் அணுவளவும் குறையவில்லை. புளொக் ஒரு தொன் தூக்குமென்றால், புளொக் முறியாது என்பது மட்டுமே உறுதி. அது தொங்கும் இடத்தைப் பற்றி அதிற் பொறித்த எழுத்து ஒன்றும் சொல்லவில்லை. மாமரத்துக் கொம்பு வெளியே பசுமையாக நின்றாலும் உள்ளே கறையான் அரித்திருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஊஞ்சல் தாங்கிய கொம்பென்று நீர் சொல்லக்கூடும். அஃது எந்த ஆண்டு ஊஞ்சல்?

வீட்டு வளையையும் நம்பவேண்டாம். ஓட்டுக் கூரையின் பாரம் வளையின் நீளம் முழுவதும் பரந்திருக்கிறது. பரந்திருந்த அதே பாரம் நடுவில் ஒரே புள்ளியில் தொங்கினால், வளையை முறிக்கும் வளைவுத் திருப்பம் இரண்டு மடங்காகும். பொறியியல் படிக்க எண்ணுபவர் இதைத் தாளிற் கணக்கிட்டுப் பார்க்கலாம். கூரையிற் பரீட்சிக்க வேண்டியதில்லை.

தக்கது முக்காலியே. இரண்டு அங்குலக் கனத்த இரும்புக் குழாய்கள் மூன்று, ஒவ்வொன்றும் 12 அடி. உச்சியில் தடித்த போல்ற்றாற் பிணைத்தவை. கராஜ்களில் வாடகைக்குக் கிடைக்கும். கால்கள் விரிந்து வழுக்காதபடி மூன்றையும் அடியிற் சங்கிலியாற் சுற்றிக் கட்டவேண்டும். சீமெந்துத் தரையென்றால் இது மிகவும் அவசியம். மணற்றரையென்றால் ஒவ்வொரு காலின்கீழும் பலகை வைக்கவேண்டும். இரண்டு கால்கள் காரின் இரு பக்கங்களிலும், மூன்றாவது காருக்கு முன்னாலும் நிற்கட்டும். கார் 5 அடிக்குச் சற்று மேல் அகலமுள்ளது. இடைவெளியை முன்பே அளந்துகொள்ளும். எஞ்சின் உயர்ந்தபின் முக்காலியை நகர்த்தாமல் காரைத்தான் பின்னே தள்ளப்போகிறோம். அதற்குக் கட்டிய சங்கிலி குறுக்கே நிற்கக்கூடாதாகையால், அதைத் தரையோடு படியவிட்டுச் சக்கரம் ஏறிச் செல்ல இரு புறமும் சிறு பலகை இடவேண்டும்.

கழற்றும் வேலையை விரைவாகச் சொல்லிவிடலாம். முதலிற் பற்றறி. பழைய மைனர்களில் நேர்முனையே காரின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. பிற்பாடு மாற்றியவர்களும் உண்டு. எதுவாயினும் உடலோடு இணைந்த கம்பியை முதலிற் கழற்றவேண்டும். பொனற்றை இருவர் பிடித்து எடுக்கவேண்டும். நீரையும் ஒயிலையும் வடித்துவிட்டு, றேடியேற்றர், காபரேற்றர், பெற்றோற் குழாய், டைனமோ, ஸ்ராட்டர், புகைக்குழாய்ப் பிணைப்பு என்பவற்றை அகற்றும். பெற்றோற் குழாயின் வாயை உடனே அடைத்துவிடும். பக்கத்தில் எவரும் சுருட்டுப் பிடிக்கவேண்டாம்.

கியர்பெட்டியை வண்டியிலேயே விட்டு எஞ்சினை மாத்திரம் எடுப்பதானால், எஞ்சின் போனபின் அதன் முன்பக்கம் சரியும். ஜக்கைக் கொடுத்துத் தாங்கினால் காரைத் தள்ள இயலாது. ஆதலால் எஞ்சின் அறைக்குக் குறுக்கே உறுதியான மரச்சட்டம் ஒன்றை இட்டு, அதிலிருந்து கியர்பெட்டியைக் கம்பியால் தூக்கிக் கட்டிவிடும்.

எஞ்சினைப் பிணைக்கத் தும்புக் கயிறு உதவாது. சங்கிலி அல்லது தாங்கும் நிறை பொறித்த பட்டையே வேண்டும். முன்னும் பின்னுமாக இரண்டு இடங்களில், எஞ்சினோடு போல்ற்றால் இறுக்கிய இரும்புத் துண்டுகளிற் பிணைக்கவேண்டும். பிணைப்புகள் நீளமாக இருப்பது நல்லது. இரண்டுக்கும் இடைப்பட்ட கோணம் 60 பாகையானால் ஒவ்வொன்றும் 100 கிலோவுக்கு 58 கிலோ தாங்கும். 120 பாகையாக விரிந்தால் ஒவ்வொன்றும் முழு 100 கிலோவையும் தாங்கவேண்டியிருக்கும்.

சங்கிலியை இழுக்கத் தொடங்கியதும் காரின் முன்வில்லைக் கவனிக்க ஒருவர் வேண்டும். எஞ்சினின் பாரம் நீங்க நீங்க முன்பக்கம் சிறிது உயர்வது இயல்பு. தாங்கிகளும் கியர்பெட்டிப் போல்ற்றுகளும் கழன்றபின்னும் காரும் கூடவே உயர்ந்துகொண்டிருந்தால், எங்கோ ஒன்று இன்னும் கழற்றப்படவில்லை. பூமித் தொடர்புக் கம்பியாக இருக்கலாம். மறைந்து நின்ற ஒரு போல்ற்றாக இருக்கலாம். கைக்கு இது தெரியாது. நூறு கிலோவையும் நூற்றைம்பது கிலோவையும் வேறுபடுத்தி அறியும் உணர்ச்சியைப் புளொக் உம்மிடமிருந்து பறித்துவிட்டது. ஆகவே கண்ணால் அறியவேண்டும். நிறுத்தி, ஒரு கண்ணியளவு தளர்த்தி, தேடிப் பார்த்துவிட்டே மேலே இழுக்கலாம்.

எஞ்சினைச் சற்று உயர்த்தி, நேராக முன்னே இழுத்துக் கியர்பெட்டியின் தண்டிலிருந்து விடுவிக்கவேண்டும். அத்தண்டின்மேல் எஞ்சினின் பாரம் தொங்கினால் தண்டு வளையும். கிளச்சுத் தட்டும் கெடும். விடுபடும் கணத்தில் எஞ்சின் ஒருமுறை ஆடும். அப்போது எவருடைய விரலும் எஞ்சினுக்கும் உடலுக்கும் இடையில் இருக்கக்கூடாது. தொங்கும் எஞ்சினின்கீழே விழுந்த நட்டை எடுக்கக் குனிபவர் யாராயினும், தந்தையாரேயாயினும், தடுத்துவிடும். நட்டு அங்கேயே கிடக்கட்டும்.

இவ்வேலைக்கு மூவர் வேண்டும்: சங்கிலிக்கு ஒருவர், எஞ்சினைத் தடியால் வழிப்படுத்த ஒருவர், காரைக் கவனிக்க ஒருவர். கட்டளை ஒருவர் வாயிலிருந்தே வரவேண்டும். உம்முடைய வீட்டில் அது தந்தையார் வாயாகவே இருக்கட்டும். சிறுவர்களை அயல்வீட்டுக்கு அனுப்பிவிடும். செருப்பு ஆகாது, சப்பாத்து அணியவேண்டும்.

அடித்தொட்டி முன்தகட்டைத் தாண்டியதும் காரை மெதுவாகப் பின்னே தள்ளி, எஞ்சினை உடனே இறக்கிப் பழைய ரயர்மேல் வைத்துவிடும். தேநீருக்குப் போவதானாலும் தொங்கவிட்டுப் போகவேண்டாம். கியர்பெட்டியின் வாயைச் சுத்தமான துணியால் மூடும். போல்ற்றுகளைப் பால்மாப் பேணிகளில் இடம்வாரியாகப் போட்டுப் பெயர் எழுதி வையும். செயின் புளொக்கை அன்றே திருப்பிக் கொடுத்துவிடலாம். றீபோர் முடிந்து எஞ்சின் திரும்பிவர நாட்செல்லும்.