நெருப்பிற் புகுந்த வண்டு

பக்திக்கும் பேரிரைச்சலுக்கும் பொருத்தமில்லை என்பது நம்மவரிற் பலருடைய துணிபு. இறைவனைப் பாடுவதென்றால் குரல் குழைய வேண்டும். பண் அமைய வேண்டும். கேட்போர் கண்மூடித் தலையசைக்க வேண்டும். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். உயர்தர வகுப்பில் என்னிடம் தமிழ் படிக்கும் மாணவனொருவன் தன் கைபேசியில் ஓர் அமெரிக்கக் குழுவின் பாடல்களைக் கேட்கச் செய்து, அவ்வெண்ணத்தைக் கலைத்துவிட்டான்.

குழுவின் பெயர் 'மீ வித்தவுட் யூ'. 'நீயில்லாத நான்' என்று பொருள்படும். இந்நூற்றாண்டின் தொடக்கத்திற் பிலடெல்பியாவில் தோன்றிய அக்குழு, 2022 ஆம் ஆண்டு ஆகஸ்டில் இரசிகரிடம் விடைபெற்றுக் கலைந்தது. அது ஹார்ட்கோர் எனப்படும் இசைமரபின் வழிவந்தது. 1980 ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க நகரத்து இளைஞரிடையே பிறந்த அவ்விசையில் வேகம் உண்டு, சினம் உண்டு, கூச்சல் உண்டு. இனிமையை நாடிச் செல்பவர் ஏமாறுவார். குழுவின் பாடகரும் பாடலாசிரியருமான ஆரன் வைஸ் பாடுவதிலும் பார்க்கப் பேசுகிறார். பேசுவதிலும் பார்க்கக் கதறுகிறார். அக்கதறலின் உள்ளே இருப்பதோ விவிலியம். 2004 இல் வெளியான தொகுதியின் தலைப்பே உன்னதப்பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது.

சொற்களை எழுத்திற் கண்ட பின்னரே எனக்குப் பொருள் விளங்கியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். விளங்கியபோது வியப்படைந்தேன். அவர் பிறருக்கு உபதேசம் செய்யவில்லை. தம்முடைய செருக்கையும் ஆசையையும் ஐயத்தையும் அவையறிய எடுத்துரைத்துத் தம்மைத் தாமே குற்றக்கூண்டில் ஏற்றுகிறார். மாணிக்கவாசகரையும் பட்டினத்தாரையும் கற்ற நமக்கு இக்குரல் அந்நியமானதன்று. சமயப் பாட்டு பிரசாரமாகித் தாழ்வது பாடுவோன் தன்னை மறைத்துக்கொள்ளும்போதுதான் என்பது என் கருத்து. தன்னைத் திறந்து காட்டுபவனின் பாட்டு, அவன் சமயத்தைச் சேராதவனையும் தொடும்.

நிற்க, இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. யூத, கிறிஸ்தவப் பின்னணிகளில் வந்த வைஸின் பெற்றோர், நம் நாட்டுச் சூபி ஞானியாகிய பாவா முகையதீனின் சீடராயினர். யாழ்ப்பாணத்தில் ஆச்சிரமம் அமைத்திருந்த பாவா, 1971 இற் பிலடெல்பியாவுக்குச் சென்றார். 1986 இல் அங்கேயே மறைந்தார். அவர் பேசியது தமிழ்; சீடர் அதனை ஆங்கிலமாக்கினர். கிறிஸ்துவைப் பற்றிக்கொண்ட மகனோ, பெற்றோர் வீட்டுக் கதைகளைக் கைவிடவில்லை. 2009 ஆம் ஆண்டுத் தொகுதியிற் பாவா சொன்ன கதைகள் சில பாட்டாயின. நாம் வடையோடு சொல்லும் காகம், நரிக் கதை அங்கே பிஸ்கட்டோடு வருகிறது.

மற்றொன்று தென்னந்தோட்டத்து வண்டரசனின் கதை. தொலைவில் ஒளிரும் நெருப்பின் இரகசியத்தை அறிந்துவரப் பேராசிரிய வண்டொன்று போகிறது. பின்னர்ப் படைவீர வண்டொன்று போகிறது. இரண்டின் அறிக்கையும் அரசனுக்குப் போதவில்லை. ஈற்றில் அவனே பறந்து சென்று நெருப்பிற் புகுந்துவிடுகிறான். பாரசீகக் கவி அத்தார் விட்டில்களை வைத்துச் சொன்ன கதைக்கு இது உறவு. பாட்டின் முடிவிலோ பண்டை எகிப்தியப் பாலைவனத்துக் கிறிஸ்தவத் துறவியரின் வாக்கொன்றின் சாயல் ஒலிக்கிறது.

இதனைச் சமயக் கலப்படம் என்று சிலர் ஒதுக்கக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. தன் நம்பிக்கையில் வேரூன்றியவனே அயலான் கதையை அச்சமின்றிப் பெற்றுக்கொள்வான். வேரில்லாதவனுக்குத்தான் வேலி வேண்டும். வேலிகளை உயர்த்தியதால் நம் நாடு அடைந்த இழப்பை இங்கே நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆசிரியர் என்ற முறையில் என் குறை வேறொன்று. பேராசிரிய வண்டைப் போல, பக்தி இலக்கியத்தைத் தூர நின்று விளக்கி மாணவருக்குக் குறிப்பெழுதிக் கொடுத்துவருகிறோம். அதில் எரியும் நெருப்பை அவர்களுக்குக் காட்டுவதில்லை. தமிழில் வாய்மொழியாகச் சொல்லப்பட்ட கதையைப் பிலடெல்பியாவில் ஒருவர் தொண்டை கிழியப் பாடியிருக்கிறார். நம் இலக்கியக் கூட்டங்களிலோ பாவாவின் பெயரை நான் கேட்டது மிக அரிது.

அந்தத் தென்னந்தோட்டம் நம்முடையது. அங்கே எரிந்த நெருப்பை ஒரு மாணவனின் கைபேசியில்தான் நான் காண நேர்ந்தது என்பதை எண்ண வெட்கமாயிருக்கிறது.