ஏமாந்தவர் மட்டுமா பொறுப்பு?

வாடிக்கையாளர் தானே அனுப்பிய பணத்துக்கு வங்கி ஈடு கொடுத்தால் மக்கள் கவனத்தைக் கைவிட்டுவிடுவார்கள் என்பது, பிரிட்டனின் மோசடி இழப்பீட்டு விதிக்கு எதிராக வைக்கப்படும் வாதம். மோசடியின் ஒரு முனையை மட்டும் பார்க்கும் வாதம் இது. ஏமாந்தவர் அனுப்பும் பணம் போய்ச் சேர ஒரு கணக்கு வேண்டும். அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்ததும், பணம் வந்த வேகத்தில் வெளியேற விட்டதும் இன்னொரு வங்கி. அதைத் தடுக்கும் வசதி ஏமாந்தவர் கையில் துளியும் இல்லை.

2024 அக்டோபர் 7 முதல் நடப்பிலுள்ள விதி இழப்பீட்டுச் சுமையை அனுப்பிய நிறுவனம், பெற்ற நிறுவனம் இரண்டின் மீதும் சரிபாதியாக வைக்கிறது. அதன் உயிர்நாடி இந்தப் பங்கீடுதான்: போலிக் கணக்குகளைக் களையெடுக்காத வங்கிக்கும் கை சுடுகிறது.

கவனக்குறைவுக்குப் பரிசு என்ற குற்றச்சாட்டும் நிற்காது. கடும் அலட்சியம் காட்டியவருக்கு ஈடு மறுக்கலாம். எளிதில் பாதிப்புக்குள்ளாகும் நிலையில் உள்ளவருக்கு மட்டும் அந்த விலக்கு பொருந்தாது. முதல் 100 பவுண்டைப் பிடித்துக்கொள்ளவும் இடமுண்டு. முதலில் முன்மொழியப்பட்ட 4,15,000 பவுண்டு உச்சவரம்பு 85,000 ஆகக் குறைக்கப்பட்டது. வாழ்நாள் சேமிப்பை இழந்தவருக்கு அது போதாது. விதியின் உண்மையான குறை அங்கேதான் இருக்கிறது.