வண்ண மீன் விலையும் வரத்தும்

சூளகிரி கொத்தமல்லிக் கட்டு காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை போகும் என்பது நம் வணிகப் பெருமக்கள் அறிந்ததே. மழை பிடித்துக்கொண்டால் கட்டு கண்ணில் படாது. ஆனாலும் மறுபடி விதைத்தால் ஒன்றரை மாதத்தில் சரக்கு வந்துவிடும். அப்படி வராத சரக்கும் உண்டு என்பதை வண்ண மீனில்தான் கண்டேன்.

என் மருமகன் ஓசூரில் மீன் தொட்டிக் கடை வைத்தபோது கணக்கு பார்த்தவன் நான். சென்னை கொளத்தூரிலிருந்து வரும் கப்பி, மோலி எல்லாம் பண்ணைச் சரக்கு, மலிவு. 'மிஸ் கேரளா' மட்டும் யானை விலை. "அது ஆற்றில் பிடிப்பது மாமா" என்றார்.

கேரள, தென் கர்நாடக மலையாறுகளைத் தவிர அந்த மீனுக்கு உலகில் வேறு ஊர் இல்லை. 1997இல் சிங்கப்பூர் அக்வாரமா கண்காட்சியில் அது பரிசு வாங்கியதும் வெளிநாட்டுக் கிராக்கி பிறந்தது. கிராக்கி வந்தால் வலை வராமல் இருக்குமா? 2008இல் கேரள அரசு ஜூன், ஜூலை, அக்டோபர் மாதங்களில் பிடிக்கக் கூடாது என்றது. மீன் சினைப்படுவதோ அக்டோபர் முதல் மார்ச் வரை! அறுவடைக்குப் பின் வேலி அடைத்த கதைதான். பிறகு இந்தோனேசியப் பண்ணைகளில் குஞ்சு பொரிக்கக் கற்றுக்கொண்டார்கள். நம் ஆற்றுச் சரக்குக்கு அவர்கள் வியாபாரி ஆனார்கள்.

விலையில் பாதி வழியிலேயே ஏறுகிறது. ஒரு நாள் பட்டினி போட்டு, பிராணவாயு அடைத்த பையில் கட்டி அனுப்புகிறார்கள். பிடித்தவர், சேகரித்தவர், ஏற்றுமதியாளர் என்று ஒவ்வொரு கை மாறும்போதும் சில சாகும். நூறு வாங்கி முப்பது செத்தால், எழுபதின் தலையில் நூறின் அசல் ஏறும். தக்காளி வியாபாரிக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். விலை ஏறும், ஐம்பது மீன் வாங்கி நிறுத்து என்று சொன்னவன் நான்தான். புளியும் மிளகாயும் இருப்பு வைத்துப் பழகிய புத்தி. ஒரு ராத்திரி மின்சாரம் போய்க் காற்று மோட்டார் நின்றது. விடிந்தபோது முக்கால்வாசி மிதந்தன. மருமகன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன் பிறகு ஆற்று மீனைக் கடையில் இறக்கவும் இல்லை.

நம் உறுப்பினர் சிலர் பிள்ளைகளுக்கு இந்தக் கடை வைத்துத் தர எண்ணுகிறார்கள். வையுங்கள், பண்ணைச் சரக்கா, ஆற்றுச் சரக்கா என்று கேட்டு வாங்குங்கள். நம் மாவட்டத்துப் பாரூரிலேயே மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது. வண்ண மீன் வளர்ப்புப் பயிற்சி கேட்டு நம் சங்கம் ஒரு கடிதம் எழுதலாமே.