ஊர் சுற்றுவதும் நம் உரிமைதான்

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் பிறந்ததும் நம் பிள்ளைகள் சிலர் பிரிட்டனுக்கு விமானம் ஏறுகிறார்கள். ஷெஃபீல்டு, லெஸ்டர், பர்மிங்காம் என்று ஆளுக்கொரு ஊர். அரசு உதவித்தொகை, வங்கிக் கடன், அம்மாவின் நகை என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் போகிறார்கள். போய் இரண்டு மாதத்தில் வகுப்பும் பகுதிநேர வேலையும் கொஞ்சம் பிடிபடும். பிறகு ஒரு சனி ஞாயிறு பார்த்து, நாலைந்து பேர் சேர்ந்து லண்டனைப் பார்க்கப் பேருந்து ஏறுவார்கள். டவர் பாலத்தின் முன்னால் நின்று ஒரு படம் எடுப்பார்கள்.

அந்தப் படம் வெளியானதும் பேச்சு தொடங்கிவிடுகிறது. "அரசாங்கக் காசில் ஊர் சுற்றுறான் பாரு." "படிக்கப் போனாளா, பராக்குப் பார்க்கப் போனாளா?" அதே வகுப்பில் படிக்கும் ஆதிக்கச் சாதி மாணவர் அதே பாலத்தின் முன்னால் நின்றால் யாரும் கணக்குக் கேட்பதில்லை. அதனால் நம் மாணவர்களில் சிலர் படம் எடுத்தும் வெளியிடுவதில்லை. சிலர் போவதே இல்லை. வீட்டில் அப்பா வேலைக்குப் போய்க்கொண்டிருக்க, நாம் இங்கே சுற்றுலா போவதா என்று மனது உறுத்துகிறது என்கிறார்கள். இதை அவர்களுக்காகத்தான் எழுதுகிறோம். போய் வாருங்கள். குற்ற உணர்வு வேண்டாம்.

"ஊர் சுற்றுவது" என்பது தமிழில் ஒரு வசைச்சொல். வேலைவெட்டி இல்லாதவனைத் திட்டுகிற சொல். நம் மக்களைப் பொறுத்தவரை அந்தச் சொல்லுக்குள் இன்னொரு வரலாறும் இருக்கிறது. நம் கிராமங்களில் ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது, சைக்கிளில் ஏறிப் போகக் கூடாது, தோளில் துண்டு கிடக்கக் கூடாது. ஊரைச் சுற்றுவது இருக்கட்டும், ஊருக்குள் நடப்பதே நம் தாத்தா பாட்டிக்குக் குற்றமாக இருந்தது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் நம் மக்களின் பாதையை மறித்து எழுப்பிய சுவரில் ஒரு பகுதியை இடிக்க 2008-ஆம் ஆண்டு வரை ஆனது. இது பழங்கதை இல்லை.

தெருவில் நடக்கும் உரிமையைச் சட்டமன்றத்தில் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது இடங்கள் ஆகியவை எந்தச் சாதியினருக்கும் தடையின்றித் திறந்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி அரசாணையும் வந்தது. ஒரு மனிதன் தெருவில் நடக்கலாம் என்று சொல்ல ஓர் அரசாணை தேவைப்பட்ட மண்ணிலிருந்துதான் நாம் வருகிறோம். நம் பிள்ளை ஒருத்தி லண்டனில் கால் வலிக்க நடக்கும்போது நமக்கு அந்த 1924 நினைவுக்கு வருகிறது.

இந்த இடத்தில் நம்மவர்களே ஒரு கேள்வி கேட்பார்கள். "புரட்சியாளர் அம்பேத்கர் லண்டனில் நூலகமே கதி என்று கிடந்தார். அவர் பேரைச் சொல்லிப் போனவர்கள் சுற்றுலா போகலாமா?" நியாயமாகத் தோன்றும் கேள்விதான், பதில் சொல்வோம்.

1916-இல் அம்பேத்கர் லண்டனுக்கு வந்தபோது அவரிடம் இருந்தது பரோடா மன்னரின் உதவித்தொகை. அது முடிந்ததால் 1917-இல் படிப்பைப் பாதியில் விட்டு நாடு திரும்பினார். பம்பாயில் பேராசிரியராக வேலை பார்த்து, பணம் சேர்த்து, கோலாப்பூர் சாகு மகாராஜின் உதவியும் நண்பர் கொடுத்த கடனும் கொண்டு 1920-இல் மறுபடி போனார். எந்த நாள் காசு தீருமோ என்ற பயத்தில் ஒவ்வொரு மணி நேரத்தையும் எண்ணிப் படித்தார். அந்த நெருக்கடியை அவர் யாருக்கும் பரிந்துரைக்கவில்லை. அடுத்த தலைமுறைக்கு அது வரக்கூடாது என்றுதான் வாழ்நாள் முழுக்கப் போராடினார்.

இன்னொன்றும் உண்டு. அம்பேத்கரும் சுற்றுலா போனார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் வாழ்க்கைக் குறிப்புகளில் அவரே அதை எழுதியிருக்கிறார். 1934-இல் இயக்கத் தோழர்கள் ஊர் பார்க்கப் போகலாம் என்று ஆசைப்பட, அவரும் சம்மதித்தார். ஏறக்குறைய முப்பது பேர். எல்லோராவின் பௌத்தக் குகைகளைக் கட்டாயம் பார்ப்பது என்று திட்டம். வழியில் தௌலதாபாத் கோட்டை. பயணத்தின் புழுதி போக, கோட்டை வாசலில் இருந்த தொட்டித் தண்ணீரில் முகமும் காலும் கழுவினார்கள். தீண்டத்தகாதவர்கள் தொட்டியைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கூச்சல் எழுந்து கூட்டம் கூடிவிட்டது. கடைசியில், உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு, கண்காணிக்க ஆயுதம் தாங்கிய ஒரு காவலரையும் கூட அனுப்பித்தான் கோட்டையைப் பார்க்க விட்டார்கள்.

அப்போது அவர் இரண்டு முனைவர் பட்டம் பெற்றவர், பாரிஸ்டர், வட்டமேசை மாநாட்டில் பேசிவிட்டு வந்தவர். சுற்றுலாப் பயணி என்கிற சாதாரண தகுதிகூட அவருக்குச் சொந்த நாட்டில் கிடைக்கவில்லை. நம் மாணவர்கள் லண்டனில் ஒரு குழாயில் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு அடுத்த இடத்துக்கு நடப்பதைச் சின்ன விஷயம் என்று நாங்கள் நினைக்கவில்லை.

சரி, லண்டனில் எங்கே போவது? எல்லாரும் போகிற இடத்துக்கு நீங்களும் போங்கள். அப்படிப் போகும்போது பக்கத்தில் இருக்கும் நம் இடங்களையும் பார்த்துவிட்டு வாருங்கள். சுற்றுலா வழிகாட்டிகள் இவற்றைச் சேர்த்துச் சொல்வது அரிது.

பக்கிங்காம் அரண்மனையில் காவலர் மாறும் அணிவகுப்பைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். அங்கிருந்து சில நிமிட நடையில் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனை. 1930-இல் முதல் வட்டமேசை மாநாட்டின் அமர்வுகள் அங்கேதான் நடந்தன. ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் அங்கே உட்கார்ந்து, இனி வரப்போகும் அரசியலமைப்பில் நம் மக்களுக்கு என்னென்ன பாதுகாப்பு வேண்டும் என்று கூட்டாக ஒரு திட்டத்தை முன்வைத்தார்கள். சேரிக்காரன் தெருவில் நடக்கத் தீர்மானம் கொண்டுவந்தவர், ஆறே ஆண்டில் அந்த அரண்மனைக்குள் நடந்து போனார். வெளியில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஒளிக்காமல் வெளியிடுங்கள்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை. மம்மியைப் பார்க்கத்தான் எல்லாரும் ஓடுவார்கள். நீங்கள் அமராவதிச் சிற்பங்களையும் தேடிப் போங்கள். கிருஷ்ணா நதிக்கரையில் இருந்த மாபெரும் பௌத்தத் தூபியின் சிற்பங்கள் அவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை வழியாக லண்டனுக்குக் கொண்டுபோனவை. மீதியில் ஒரு பகுதி எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பண்டிதர் அயோத்திதாசர் 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கி, நாம் பூர்வ பௌத்தர்கள் என்று எழுதினார். அதைப் படித்த கண்ணோடு அந்தக் கற்களைப் பார்ப்பது தனி அனுபவம்.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் அம்பேத்கர் படித்த லண்டன் பொருளாதாரப் பள்ளி இருக்கிறது. 1923-இல் ரூபாயின் பிரச்சினை பற்றிய ஆய்வுக்காக அவருக்கு டி.எஸ்சி. பட்டம் தந்த நிறுவனம். அவர் சட்டம் பயின்ற கிரேஸ் இன்னும் அருகில்தான். வார இறுதியில் அதன் கதவு மூடியிருக்கலாம், தெருவிலிருந்து பார்த்தாலும் போதும்.

மறுநாள் காலை சாக் ஃபார்ம் ரயில் நிலையத்தில் இறங்கி, கிங் ஹென்றி சாலை 10-ஆம் எண் வீட்டுக்குப் போங்கள். 1921-22-இல் அம்பேத்கர் தங்கிய வீடு. 2015-இல் மகாராஷ்டிர அரசு வாங்கி நினைவிடம் ஆக்கியது. குடியிருப்புப் பகுதியில் அருங்காட்சியகம் கூடாது என்று உள்ளாட்சி மன்றம் அனுமதி மறுத்து, விசாரணை நடந்து, 2020-இல்தான் அரசின் அனுமதி கிடைத்தது. பணக்காரத் தெருவில் ஒரு தலித் தலைவரின் பெயர்ப்பலகை நிலைக்க அங்கேயும் ஒரு வழக்கு தேவைப்பட்டிருக்கிறது. திறக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போங்கள். பக்கத்தில் பிரிம்ரோஸ் குன்று. ஏறி நின்றால் லண்டன் நகரமே கண்முன் விரியும். வாங்கிப்போன சாண்ட்விச்சை அங்கே உட்கார்ந்து சாப்பிடலாம்.

பிக் பென் கடிகாரத்தைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. எதிரே நாடாளுமன்றச் சதுக்கத்தில் காந்தி சிலை இருக்கிறது, 2015-இல் வைத்தது. 1931-இல் இதே நகரில் நடந்த இரண்டாம் மாநாட்டில் நம் தனித்தொகுதி உரிமையை எதிர்த்தவர் அவர். அந்தச் சதுக்கத்தில் அம்பேத்கருக்குச் சிலை இல்லை. அந்த நாடாளுமன்றத்திலேயே இன்னொரு கதையும் நடந்தது. சாதிப் பாகுபாட்டைச் சமத்துவச் சட்டத்தில் அரசு கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று 2013-இல் சட்டம் நிறைவேற்றினார்கள். சில இந்து அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. 2018-இல் அரசு, சேர்க்கப் போவதில்லை, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று கைவிரித்துவிட்டது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. சாதி விமானத்திலேயே உங்களோடு வந்து இறங்கிவிடுகிறது. வகுப்பறையில் தெரியாதது வார இறுதிப் பயணத்தில் தெரியும். நாலு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் பேச்சு மெல்ல வரும். "எந்த ஊரு? ஊருல எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றாங்க? குலசாமி எது? ஸ்காலர்ஷிப்பா, எந்த ஸ்காலர்ஷிப்?" யார் யாரோடு அறை எடுப்பது, யார் சமைத்ததை யார் சாப்பிடுவது என்பதில் பதில்கள் வேலை செய்யும். நட்பு முறிந்துவிடுமோ என்று பொய் சொல்லித் தப்பித்தவர்கள் எங்களிடம் பேசியிருக்கிறார்கள். அவர்களை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். தௌலதாபாத் பயணத்தில் அம்பேத்கரின் குழுவே அடையாளத்தைச் சொல்லாமல் போகத்தான் முதலில் முடிவு செய்தது. சொல்வதா வேண்டாமா என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். தனியாக மட்டும் சுமக்காதீர்கள். உங்கள் பல்கலைக்கழகத்திலோ பக்கத்து நகரத்திலோ அம்பேத்கரிய மாணவர்கள் இருப்பார்கள், தேடிப் பிடியுங்கள். முதல் லண்டன் பயணத்தை அவர்களோடு போங்கள். சீனியர்கள் புதிதாக வருபவர்களைக் கூட்டிக்கொண்டு போவதை ஒரு வழக்கமாகவே ஆக்கலாம்.

அதற்காக உங்கள் பயணம் முழுக்கத் தீர்த்த யாத்திரையாக இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. லண்டன் ஐ ராட்டினத்தில் ஏறுங்கள், கால்பந்து மைதானத்துக்குப் போங்கள், தேம்ஸ் கரையில் சும்மா உட்காருங்கள். தலித் மாணவர் என்றால் எந்நேரமும் எதையாவது கற்றுக்கொண்டோ நிரூபித்துக்கொண்டோ இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் ஒருவகைச் சாதிப் பார்வைதான். மற்றவர்களுக்குக் கிடைக்கும் சும்மா இருக்கும் ஒரு ஞாயிறு உங்களுக்கும் உண்டு.

"அரசாங்கக் காசு" என்பவர்களுக்கும் ஒரு பதில். தீப்பெட்டி முதல் செல்போன் ரீசார்ஜ் வரை நம் மக்கள் வரி கட்டித்தான் வாங்குகிறார்கள். உதவித்தொகை யாரும் போடும் பிச்சை இல்லை. படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய மாணவர் விசா அனுமதிப்பதில்லை. அந்த இருபது மணி நேரத்தில் கிடங்கிலும் உணவகத்திலும் நின்று சம்பாதித்த காசில்தான் பெரும்பாலானோர் பேருந்துச் சீட்டு எடுக்கிறார்கள். உண்மையில் கேள்வி கேட்க வேண்டிய இடம் வேறு. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்கு 2022-இல் வந்த விதிகள், இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் குறித்த ஆய்வுகளுக்கு இனி உதவித்தொகை கிடையாது என்றன. அதாவது, சாதியைப் பற்றி ஆய்வு செய்ய நம் பிள்ளைகள் அரசு உதவியில் வெளிநாடு போக முடியாது. மாணவர்கள் டவர் பாலத்தில் எடுத்த படத்துக்குக் கணக்குக் கேட்பவர்கள் இதைப் பற்றி வாய் திறந்து நாங்கள் பார்த்ததில்லை.

மாணவர் ரயில் அட்டை எடுத்தால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். பேருந்து இன்னும் மலிவு. பெரிய அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் இலவசம். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், அதனால் காலையிலேயே கிளம்புங்கள், நல்ல குளிர்ச்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். எடுத்த படங்களை வீட்டுக்கு அனுப்புங்கள். கிங் ஹென்றி சாலை வீட்டின் படத்தை அம்மா தெருவில் பத்துப் பேரிடமாவது காட்டுவார். அதைப் பார்க்கிற பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை யாராவது, உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று உங்களைக் கேட்கும். விவரமாகப் பதில் எழுதுங்கள்.

ஜெய்பீம்!