கியர் விழ அடம்பிடிக்கிறதா? முதலில் கிளட்ச்சைப் பாருங்கள்!

1989-ல் அறிமுகமான மாஸ்டா மியாட்டா, மேனுவல் கியர் பிரியர்களின் செல்ல ஸ்போர்ட்ஸ் கார். வயதான மியாட்டாவில் முதல் கியரும் ரிவர்ஸும் விழ அடம்பிடித்தால், கியர்பாக்ஸ் போய்விட்டதோ என்று பயம் வரும். அவசரப்பட வேண்டாம்.

இன்ஜினை அணைத்துவிட்டு கியர் மாற்றிப் பாருங்கள். அப்போது சுலபமாக விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் இறுகினால், கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று அர்த்தம். பெடலை இரண்டு மூன்று முறை மிதித்த பிறகு கியர் விழுகிறதா? கிளட்ச் லைனில் காற்று புகுந்திருக்கலாம், ஆயில் கசியலாம். கியர்பாக்ஸின் பக்கவாட்டில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் சீல் தேய்ந்து கசிவது, இந்த காரில் அடிக்கடி வரும் கோளாறு. கசிவை நிறுத்தி, காற்றை வெளியேற்றிய பிறகுதான் பெடல் அட்ஜஸ்ட்மென்ட்.

அதிலும் கவனம் தேவை. பெடலை விரலால் அழுத்தினால் தொடக்கத்தில் சிறு தளர்வு தெரியும்; அதுதான் ஃப்ரீ பிளே. ராடைத் திருகி அதை மொத்தமாக எடுத்துவிட்டால், கிளட்ச் வழுக்கி சீக்கிரமே தேய்ந்துவிடும்.

அதுவரை கியரை பலவந்தமாகத் தள்ளாதீர்கள். சின்ன சீலோடு முடிய வேண்டிய செலவு, உள்ளே இருக்கும் சின்க்ரோ வளையங்களைத் தேய்த்து, கியர்பாக்ஸையே இறக்க வைத்துவிடும்!