எட்டுக் கை, ஐந்து புள்ளி, ஒரே கோடு

வடிவியல் அரூப ஓவியம் இந்த இதழின் மையப்பொருள். வந்து சேர்ந்த படைப்புகளில் பிந்துவும் ஸ்ரீசக்கர முக்கோணங்களும் நிறைய. வண்ணம் சுத்தம், விளிம்பு கூர்மை. கைத்திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு முக்கோணத்தை எடுத்துவிட்டால் படம் என்ன ஆகும் என்று கேட்டுப் பார்த்தால், பலவற்றில் ஒன்றும் ஆகாது. மரபின் தோற்றம் கித்தானுக்கு வந்துவிட்டது. அந்தத் தோற்றத்தைப் பெற்றெடுத்த விதி வரவில்லை.

கடலூரிலும் சிதம்பரத்திலும் எத்தனையோ வீடுகளில் பூஜையறையில் போடும் இருதய கமலக் கோலத்தைப் பாருங்கள். நடுவிலிருந்து எட்டுத் திசைக்கு எட்டுக் கை, கைக்கு ஐந்து புள்ளி. முதல் கையின் 1ஆம் புள்ளியில் தொடங்கும் கோடு அடுத்த கையில் 3, அதற்கடுத்ததில் 5, பிறகு 2, பிறகு 4, மறுபடி 1 என்று போகிறது. வெளியே போகையில் இரண்டு படி, உள்ளே திரும்புகையில் மூன்று படி. ஐந்து சுற்று முடிந்ததும் 40 புள்ளியையும் தொட்டுவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வருகிறது. 8க்கும் 5க்கும் 1ஐத் தவிரப் பொது வகுஎண் இல்லாததால்தான் இது நடக்கிறது. கைகளைப் பத்தாக்கினால் கோடு ஒரே சுற்றில் மூடிக்கொள்ளும். ஒரு கோடு ஐந்து தனிக் கோடுகளாகச் சிதறிவிடும். தாமரை இங்கே யாரும் வரைந்ததல்ல, எண்ணிக்கையின் விளைவு.

இதை முதலில் பிடித்துக்கொண்டவர்கள் கணிதக்காரர்கள். 1970களில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலம் உருவாகும் முறையைக் கணினி இலக்கணமாக எழுதினார்கள். ஓவியத்திலும் முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் சால் லெவிட் 1968இல் தொடங்கிய சுவரோவியங்களுக்குக் குறிப்பை எழுதிக் கொடுத்து, வரைவதைப் பிறரிடம் விட்டார். தாயிடம் கோலம் கற்ற எந்தப் பெண்ணுக்கும் இது புதுச் செய்தி அல்ல.

விதி எண்ணில் மட்டும் இருப்பதில்லை, வரிசையிலும் இருக்கிறது. வடலூரில் வள்ளலார் எழுப்பிய சத்திய ஞான சபை எண்கோணக் கட்டடம். 1872 தைப்பூசத்தில் தொடங்கி இன்றும் அங்கே ஜோதி தரிசனம் நடக்கிறது. கருமை, நீலம், பச்சை, செம்மை, பொன்மை, வெண்மை, கலப்பு என ஏழு திரைகள் ஒவ்வொன்றாக விலகுகின்றன. ஏழு வண்ணமும் பக்கம் பக்கமாக அமையவில்லை, ஒன்றன்பின் ஒன்றாக ஆழத்தில் அமைந்திருக்கின்றன. முழு அமைப்பையும் பார்ப்பவர் நினைவில்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிதம்பரம் கோயிலின் சிதம்பர ரகசியத்தில் திரை விலகினால் தெரிவது வெட்டவெளி. அதில் தொங்குவது பொன் வில்வ மாலை. மாலை இல்லாவிட்டால் அது காலி இடம், அவ்வளவுதான். பக்தர் அங்கே காண்பது வேறு. ஓவியர் கற்க வேண்டியது, வெறுமைக்கும் ஓர் இடக்குறி தேவை என்பதை.

மரபிலிருந்து எடுக்க வேண்டியதைச் சரியாக எடுத்தவர் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். 1963இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் ஜாதகக் கட்டத்தின், கணக்கு நோட்டுப் பக்கத்தின் அடுக்குமுறையை எடுத்துக்கொண்டார். எழுத்தை வாசிக்க முடியாது. ஆனாலும் கண் வரிவரியாக வாசிக்கப் போகிறது. பொருளை உதறிவிட்டு அமைப்பை மட்டும் வைத்துக்கொண்டதால் வந்த பலன் அது.

ஓவியம் கற்பிப்பவர்களுக்கு ஒரு யோசனை. கோலத்தை 'நாட்டுப்புற வடிவம்' என்று நகலெடுக்கச் சொல்வதை நிறுத்துவோம். இருதய கமலத்தைக் கொடுத்து, கைகளை ஏழாக்கு, புள்ளியை நான்காக்கு, கோடு எங்கே உடைகிறது, ஏன் உடைகிறது என்று மாணவரைக் கேட்போம். உடைந்த கோலத்தில் கற்பது அச்செடுத்தாற்போல் வந்த கோலத்தில் கிடைக்காது.

அடுத்த இதழ் முதல், படைப்பு அனுப்புவோர் படத்தோடு நான்கு வரிக் குறிப்பும் அனுப்புங்கள்: அலகு எது, அது எப்படிப் பெருகுகிறது, எங்கே நிற்கிறது, எங்கே நீங்களே விதியை மீறினீர்கள். தத்துவ விளக்கம் வேண்டாம். குறிப்பைப் படித்து இன்னொருவர் அதே படத்தைப் போட முடிய வேண்டும். அப்படிப் போட்ட பிறகும் உங்கள் படத்தில் அவருக்கு எட்டாத ஏதோ ஒன்று மிஞ்சினால், அதைப் பற்றித்தான் இந்தப் பக்கங்களில் விவாதிக்க விரும்புகிறோம்.